ரெண்டு தௌ

வேலந்தாவளம் செக்போஸ்டில்
பருத்திக்கொட்டை லாரி ஒன்றை மடக்கிவிட்டார்கள்.
டிரைவர் என் ஜன்னலுக்கடியில் வந்து
பீடி பற்றவைக்கிறான்.
சாத்துகிறேன்.
மருந்து மேல் அலமாரியில், பூட்டோடு;
இருந்தாலும் சாத்துகிறேன்.

மேசையில் நாற்பத்துமூன்று பித்தளை ஓடுகள்.
கிளப் பதிவேட்டில் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கியவை,
எல்லாம் என் ரைஃபிள் துப்பியவை.

வெடிக்கும் கணத்தில் பித்தளை வீங்கி
அறைச் சுவரில் போய் அப்பும்.
பிறகு மனசில்லாமல் கொஞ்சம் சுருங்கும்.
வெளியே வந்து விழுவது
கடையில் வாங்கிய ஓடு அல்ல,
என் ரைஃபிளின் உள்வாய்.

என்னிடம் இரண்டு டை.
ஒன்று கழுத்தை மட்டும் இறுக்கும்,
குண்டு நிற்கிற அளவுக்கு.
மற்றது வாய் முதல் அடி வரை விழுங்கி
கம்பெனி அளவுக்குத் திருப்பித் தரும்.

"முழுசா அமுக்குங்க அக்கா, நேஷனல் பெர்மிட்டு.
கழுத்து மட்டும்னா டவுன் பஸ்,
உங்க ஸ்டாண்டைத் தாண்டாது"
என்கிறாள் ஜுலேகா, புதுநகரத்திலிருந்து, போனில்.
வீட்டில் மூன்று லாரி ஓடுகிறது.
எதையும் ஏற்றிக் கட்டித்தான் பேசுவாள்.

ஞாயிறு, கல்குவாரி ரேஞ்சில், ஜோடிப் போட்டி.
அவளிடம் பதினொரு ஓடுதான் மிச்சம்; இருபது கடன் வேண்டும்.
அவள் ரைஃபிளின் அறை என்னுடையதைவிட மயிரிழை ஒடுக்கம்.
ஓணத்துக்கு முந்தின ஞாயிறு
என் ஓடு ஒன்று அதில் பாதி போய்ச் சிக்கி
போல்ட் மேலும் வராமல் கீழும் போகாமல்,
நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முழுசாக அமுக்குவது சும்மா இல்லை.
அமுக்க அமுக்க, வெடிக்க வெடிக்க
பித்தளை நீளும். அடிக்குச் சற்று மேலே
உட்சுவர் மெலிந்துகொண்டே வரும்.
வெளியே தெரியாது. தெரியும்போது லேசாய் ஒரு மினுக்கு வளையம்.
குடைக்கம்பியை நுனி வளைத்து உள்ளே விட்டுத் தடவுகிறேன்.
பதினேழாவதில் தடுக்கியது.
இடுக்கியால் நசுக்கினேன்.
நாற்பத்திரண்டு.

சரி, கழுத்தோடு விட்டுவிடலாமா?
நாலு தடவை விடலாம். ஐந்தாவதில் போல்ட் முரண்டும்.
தானே வார்த்த உடம்பைத்
தன் ரைஃபிளே உள்ளே விடாது.

மிச்சம் ஒரு வழி: தோளை ஒரு சொல்பம் பின்னே தள்ளுவது.
ரெண்டு தௌ.
பகலில் கஞ்சிக்கோட்டு டூல்ரூமில் இதே வேலைதான் எனக்கு.
கோயம்புத்தூர் ஃபோர்மேனும் தௌ என்பார்,
ஒற்றப்பாலத்துப் பையன்களும் தௌ என்பார்கள்.
ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச்சை
இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

தக்காளிக்கும் தையல்காரனுக்கும்
பாலம் தாண்டிப் போகிறவள்தான் நான்.
ரைஃபிள் தாண்டாது.
லைசென்ஸ் கேரளாவுக்கு மட்டும்.
பாதிப் பாலத்தில் அது கேஸாகிவிடும்.

கம்பளிக் கொழுப்பை விரலில் தொட்டு
ஓடு ஓடாக உருட்டினேன். கூடினால் தோளில் குழி விழும்,
குறைந்தால் டையில் சிக்கும்.
இருபது அவளுக்கு, முழுசாக.
அடியில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு.
பிறகு டையை எட்டில் ஒரு சுற்று தளர்த்தி,
அளந்து, மறுபடி தளர்த்தி, அளந்து,
இருபத்திரண்டு எனக்கு.

இடையில் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடித்தேன்.

காலையில் எண்ணினால்
சிவப்பு பத்தொன்பது. என்னுடையது இருபத்திரண்டு.
ஒன்று மேசைக்காலை ஒட்டி, பொட்டில்லாமல்.
கேஜில் வைத்தேன்: அவளுடையது.
காலி ஓடுதானே என்று
என் ரைஃபிளில் போட்டுப் பார்த்தேன்.
லொடக்கென்று உட்கார்ந்தது.
ஒற்றை விரலுக்கு போல்ட் மூடியது,
ஒன்றும் கேட்காமல்.

எனக்கு அது பிடிக்கவில்லை.

எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து
அவள் டப்பாவில் போட்டேன்.
பாலிஷ் காயும்வரை மூடவில்லை.