ரசமட்டம்

ராத்திரி இரண்டரைக்கு
ஏசி கொஞ்சம் அழுத்தி மூச்சு விட்டாலே
வலது முட்டி விழித்துக்கொள்ளும்.
ரூவியின் இந்த ஆறு பேர் அறையில்
அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான் முழித்திருப்போம்,
நானும் அதுவும்.

இருபது வருஷம் மேல்கட்டிலில் படுத்தவன் நான்.
போன நோன்புக்கு முன்னால் ஒரு நாள்
ஏணியின் மூன்றாம் படியில் நின்றுவிட்டேன்.
பெர்க்மான்ஸ் எதுவும் கேட்கவில்லை.
தன் தலையணையை மேலே எறிந்தான்,
கீழ்க்கட்டிலைத் தட்டிக் காட்டினான்.
நன்றி சொல்லவில்லை நான்.
சொன்னால்
முட்டியை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
கண்ணூர் டாக்டர் சொன்னார்:
"இடைவெளி போயிடுச்சு இக்கா.
எலும்பும் எலும்பும் ஒரசுது."
எனக்குத் தெரிந்த பாஷைதான்.
ஜாயின்ட் விடாமல் டைல்ஸ் ஓட்டினால்
ஜூன் மாத வெயிலில்
ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு
கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும்.
முப்பத்தொரு வருஷம்
ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம்
மூன்று மில்லி விட்டுத்தான் ஓட்டினேன்.

"இனி மண்டி போடக் கூடாது."
சம்பளமே அதற்குத்தான் என்று
அவரிடம் எப்படிச் சொல்ல.
சரி என்றேன்.
மறுநாள் ஸ்பான்ஞ் பட்டையை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு
வாதி கபீரில் ஒரு குளியலறைக்கு மண்டி போட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பவை:
பச்சைக் களிம்பு ஒன்று,
பலூச்சிக் கடைக்காரன் தந்த கருஞ்சீரக எண்ணெய்,
சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மாத்திரை,
பிலிப்பைன்ஸ் பெண் தரையில் நடந்து காட்டிய பாடம்:
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது நோகிற கால் முன்னே.
எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுது.
நான்கு மாடி. அறுபத்தெட்டுப் படி.
முன்பு எண்ணியதில்லை.

சூப்பர்வைசர் வரும்போது மட்டும்
நொண்டாமல் நடப்பேன்.
விசா புதுப்பிக்க இன்னும் ஏழு வாரம்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ராவியத்து
செல்போனைச் சொம்பில் சாய்த்துவைத்து
வீங்கிய இடது முட்டியைக் காட்டுகிறாள்.
நான் கைலியைத் தூக்கி வலதைக் காட்டுகிறேன்.
பெர்க்மான்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.
சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும்
நாலு வருஷம் தேறாது எங்களுக்கு.
தேய்மானத்தில் மட்டும் என்ன பொருத்தமோ.
"ரெண்டு பேருக்கும் சேத்து
ஒரு சோடி நல்ல காலு இருக்கு" என்றாள்.
சிரித்தாள்.
பிறகு, சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டாள்.
சார்ஜ் இருந்தது.
திரையில் பச்சையாகத் தெரிந்ததே.

இன்று ளுஹருக்கு
சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில்
ஒன்றை உருவி எடுத்தேன்.
இத்தனை நாள் அவை அங்கே இருப்பது
தெரியாதவன்போல் கடந்திருக்கிறேன்.
கடைசி சஃப்பின் ஓரம், கம்பளம் முடிகிற இடம்,
வெறும் மார்பிள்மேல் போட்டேன்.
உட்கார்ந்தேன்.
ஆடவில்லை.
பொதுவாக இந்த மாதிரி நாற்காலி ஒரு காலாவது தூக்கும்.

குனிந்து பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது.
தொண்ணூற்றெட்டில்
ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை
எழுந்திருக்கமாட்டேன் என்று
இதே முட்டியை ஊன்றி
நான் போட்ட தரை.

சுஜூதில் நெற்றி அதைத் தொடவில்லை.
ஒரு முழம் மேலே
காற்றிலேயே நின்றது.

சலாம் கொடுத்துத் திரும்பினால்
பக்கத்து நாற்காலியில் ஒரு ஓமானிப் பெரியவர்
என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
"ருக்பா?" என்றார்.
தன் முட்டியையும் தட்டிக் காட்டினார்.
"ருக்பா" என்றேன்.
கூட்டம் கலைந்து செருப்பு தேடியது.
எங்களுக்கு
எழுந்திருக்க
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.