இருபத்திரண்டு நிமிஷம்

கீழக்கரை தாவூத் கனி
பானெட்டைத் திறக்கவே இல்லை.
ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகி
லேப்டாப்பை சீட்டில் வைத்து
பருப்பு வடையைக் கடித்துக்கொண்டே
வண்டியோடு பேசினார்.
ஷார்ஜாவில் ஒன்பது வருஷம்
யார் யார் வண்டியையோ மணல்மேட்டில் ஏற்றிய விரல்,
என் பிக்கப்பின் டர்போவுக்கு
இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடிக்கச்
சொல்லிக்கொடுத்தது.

"கம்பெனிக்காரன் கட்டிப்போட்டு அனுப்புறான் தம்பி.
நான் கயித்த அவுக்குறேன், அவ்வளவுதான்."

இருபத்தெட்டாயிரம்.
பாதி அப்போதே.
மீதி, சீலா பாடு பார்த்து.

அன்று ராத்திரி
ஐம்பது பெட்டி நண்டு, மேலே ஐஸ், அதற்கும் மேலே தார்ப்பாய்.
பாம்பன் பாலம்.
எப்போதும் இரண்டாம் கியருக்கு இறங்கி
நாலு பேரைத் திட்டுவதுபோல் முனகும் ஏற்றத்தில்
மூன்றாவதிலேயே நின்றுகொண்டு
வண்டி போனது.
கிளீனர் முனீசு விசிலடிக்க வாயைக் குவித்தான்,
காத்து அதைப் பிடுங்கிக் கடலில் போட்டது.

பலத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்:
பக்கத்தில் இருக்கும் நோஞ்சானைக் காட்டிக்கொடுக்கும்.
இன்ஜின் தேறியது, கிளட்ச் வழுக்கியது.
கிளட்ச் மாற்றினேன்,
சிக்கல் தாண்டி, ரெண்டு பக்கமும் கருவேலம்,
ஆளில்லாத இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது.
பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி
அதன் முகத்தில் அப்பினோம்.
ஒரு வாரம் பானெட்டுக்குள்
நண்டு வெந்த வாசம்.
"இன்டர்கூலர பெருசாக்கிருவோம்" என்றார் கனி.
அவர் சொல்வதில் எல்லாமே
'ஆக்கிருவோம்' தான்.
ஆவது என் பணம்.

ஒருநாள் கணவாய் ஏற்ற வாலிநோக்கம் போனேன்.
உப்பளத்து ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும்
பின்னால் கறுப்பாக ஒரு துணி விரிந்தது.
வரப்பில் நின்ற பொம்பளை
கையிலிருந்த பலகையை ஓங்கிக் கத்தினாள்:
"எங்க உப்புக்கு மை தீட்டுறியாடா?"
கண்ணாடியில் பார்த்தேன்.
வெள்ளைக் குவியலின் ஒரு கன்னத்தில்
நான்.
நிற்கவில்லை.
நின்றிருக்கலாம்.

ஜெனோவா அக்காதான் சரக்குக்காரி.
புகையைப் பற்றிக் கேட்கவில்லை, டார்க்கைப் பற்றியும்.
"முன்னாடி போயிருவியா?" என்று மட்டும் கேட்டது.
போய்விடுவேன்.
ஏர்வாடி முக்கு, சாயல்குடி, சூரங்குடி, வேம்பார்,
ஊர்களை நாய்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில்
தூத்துக்குடி கம்பெனி வாசலில் முதல் வண்டி என்னுடையது.
மணி நாலு எட்டு.

வாட்ச்மேன் மப்ளரை விலக்காமலே சொன்னார்:
"கேட்டு நாலரைக்கு."

இருபத்திரண்டு நிமிஷம்.
தார்ப்பாய்க்கு அடியிலிருந்து
ஐஸ் தண்ணி சொட்டுச் சொட்டாக
ரோட்டில் கணக்கு எழுதியது.
நாலரைக்கு, பின்னால் வந்து நின்ற
ரீமேப் எதுவும் பார்க்காத ஏழு வண்டிகளோடு
நானும் உள்ளே போனேன்.
எல்லோருக்கும் ஒரே கால்குலேட்டர்,
ஒரே விலை.

நேற்று கனி போன் பண்ணினார்.
"அதுக்குள்ள இன்னும் பதினஞ்சு குதிரை கட்டிக் கெடக்கு தம்பி."
"அண்ணே, அந்தக் கேட்டைத் திறக்க
ஏதாவது ஃபைல் வச்சிருக்கீங்களா?"
அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது
பாக்கிப் பணம் நினைவு வந்து போனை வைத்தேன்.

பழையபடி மாற்றிவிடலாம்.
ஒயரைச் செருகினால் அஞ்சு நிமிஷ வேலை.
முனீசுகூடச் சொல்லிவிட்டான்.

ஆனால் ராத்திரி பாலத்தில்
மூன்றாவது கியர்,
கீழே ஏதோ ஒரு வள்ளத்தின் ஒற்றை விளக்கு,
முதுகுக்குப் பின்னால் ஒன்றேகால் டன்
எடையே இல்லாதது மாதிரி எழும்பும் அந்த இடம்...
அதற்கு எந்த கேட்டும் இல்லை.

இன்று சரக்கு குறைவு.
முப்பது பெட்டிதான்.
இன்னும் லேசாக ஏறும்.