பதிவேட்டில் இல்லாத இரவு

நாற்பத்தொன்றாம் நம்பர் போட்டது ஒன்பது.
மூன்று மூச்சு விட்டன.
இரண்டு வெளுத்து, முழு உருவம், அசைவில்லை.
மீதி நான்கும்
வெயிலில் மறந்த புளியாய்க்
கறுத்துச் சுருங்கி, ஆளுக்கொரு நீளம்.
எது எந்த வாரம் நின்றதென்று
ஸ்கேல் வைத்துச் சொல்லிவிடலாம்.

தெய்வாத்தாள் சாக்கை விரித்தாள்.
"எண்ணிக்குங்க டாக்டரே."

முத்தூர்க் கொட்டகைக்கு வைகாசியில் வந்தேன்,
ஐஸ் பெட்டியில் உயிருள்ள மருந்தோடு:
கொல்லத் தெம்பில்லாத காய்ச்சல்.
குப்பியில் எறும்பு எழுத்து,
சினைக்குக் கூடாது.
"சினையுங்களா?"
"இல்லீங்க, நோட்டைப் பாருங்க."
நோட்டில் கட்டம் காலி.
காதுக்குப் பின்னால் போட்டேன்.

போடாமல் விடவும் முடியாது.
வெள்ளகோவில் பக்கம் போன வருஷம்
ஒரு கொட்டகையே பத்து நாளில்
சுண்ணாம்புக் குழிக்குள் போனது.

சித்திரையில் ஒரு ராத்திரி
காற்றில் கொண்டி கழன்று
ஆண் பன்றி உள்ளே போயிருக்கிறது.
விடியும் முன்னே திருப்பி அடைத்தானாம் சென்னியப்பன்.
இப்போதுதான் சொல்கிறான்,
குழி வெட்டிக்கொண்டே, நிமிராமல்.
அங்கிருந்து எண்ணினால்
சரியாக நூற்றுப் பதினான்கு.

யாரும் யாரையும் திட்டவில்லை.
திருப்பூர் மெஸ் சோறு இறக்கும் வண்டி
வாசலில் ஹாரன் அடித்தது.

பிழைத்த மூன்றில் ஒன்று
காம்பைக் கவ்வியும் நடுங்குகிறது,
விடாமல், குளிரே இல்லாத ஆவணியில்.
என் படிவத்தில் இரண்டே கட்டம்:
உயிர். இறப்பு.

தெய்வாத்தாள் பேனாவை வாங்கி
நோட்டில் நாலு மாதம் பின்னே புரட்டி
எழுதினாள்:
காத்தடிச்ச ராத்திரி.