எடைப்பாலம், இரண்டாம் பக்கம்

சிலிம் ரிவர் செம்பனை ஆலையில்
எடைப்பாலத்து இரவு வேலை எனக்கு.
லோரி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
சீட்டு கிழிப்பேன்.

ரேடியோவைப் பழுது பார்த்துத் தந்த ஆ கியோங்
மிச்சச் சில்லறைக்குப் பதில்
ஒரு கேசட்டைத் தள்ளினார்.
அட்டையில் ஏழு பேர்.
ஆறு பேருக்கு முகம் இல்லை.
ஏழாவது ஆள் இஸ்திரிப் பெட்டியைக்
கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்திருக்கிறான்.

முதல் பாட்டில் கித்தார் வருகிறது,
வீடு மாறி நுழைந்தவன் மாதிரி உடனே போய்விடுகிறது.
இரண்டாவதில் யாரோ தட்டச்சு அடிக்கிறார்கள்,
டிரம் அதைத் துரத்தித் துரத்தித் தோற்கிறது.
மூன்றாவதில் பாடுகிறவனுக்கு வரி மறந்துவிட்டதோ என்னவோ,
எண்ண ஆரம்பிக்கிறான்.
முப்பத்தேழு வரை.
ஏன் முப்பத்தேழு?
முப்பத்தெட்டுக்காக
வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன்
இன்றைக்கும்.

"பாட்டு எப்ப வரும்?" என்றாள் பத்மாசினி,
லேப்பில் எண்ணெய் சோதிப்பவள்.
இதுதான் என்றேன்.
"இதுவா? எங்க வீட்டு வாஷிங் மெஷின்
இதைவிட உருக்கமா பாடும்."
சரியாகத்தான் சொன்னாள்.
அன்று காலை வீட்டுக்குப் போனதும்
என் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மற்ற பாட்டெல்லாம்
நான் அழவேண்டிய இடத்தில்
முன்கூட்டியே நாற்காலி போட்டு வைத்திருக்கும்.
இது கதவைத் திறந்துவிட்டுத்
தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறேன்.
அப்படி நிற்பது பிடித்திருக்கிறது.

ஒரு தடவை கேசட்டை எடைப்பாலத்தில் வைத்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே இருப்பதெல்லாம்
அதற்கு இல்லாதவை.

விடியற்காலை மூன்றேகால்.
குலை அவிக்கும் உருளை நீராவியைக் கக்கும்.
இரண்டாம் பக்கத்தில்
டியூபா ஊதுகிறவன் மூச்சு வாங்குவான்.
இரண்டும் ஒன்றாய் வந்தது இரண்டே முறை.
இரண்டு முறையும் சீட்டில் தப்பாக எழுதினேன்,
சம்பளத்தில் பிடித்தார்கள்.

நேற்று ஹாலிம் அண்ணன்,
பழைய மலாய்ப் பாட்டுக்கு மட்டும் தலையாட்டுகிறவர்,
லோரிக் கண்ணாடியை இறக்கினார்.
எண் நின்ற பிறகும் வண்டி நகரவில்லை.
பின்னால் மூன்று லோரி ஹார்ன் அடிக்க
அவர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்:
தீகா பூலோ லீமா,
தீகா பூலோ எனாம்,
தீகா பூலோ தூஜோ...

மடக்காத விரலை
என் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார்.

எனக்கும் தெரியாது என்று
சீட்டை நீட்டினேன்.