மாதிரி எண் பதினேழு

லோகன் தெருவில் டிராக்டர் உதிரிப்பாகக் கடைக்குப் பின்னால்
அவளுடைய பட்டறை.
தையற்கடை என்று சொன்னால் கோபம் வரும்.
பெயர் ஆரணி. பட்டுக்கும் அவளுக்கும்
ஒரு நூல் தொடர்பும் இல்லை.

சுவரில் மொடல் பெண்கள் இல்லை,
முழங்கை மடங்கும் கோணங்கள்.
மேசையில் வேர்னியர், பசைக்குழல்,
பிரித்துப்போட்ட ஒரு கூடாரம், குழந்தையின் கார்ச்சீட்.
மூலையில் பழைய வைப்பர் மோட்டார் ஒன்று
ஒரு ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது:
பதினோராயிரத்து நானூற்று ஆறு,
பதினோராயிரத்து நானூற்று ஏழு.
விளக்கணைத்த பின்னும் அது நிற்காது.

நான் பார்சல் கொடுப்பவள்.
வின்னிபெக், ஜனவரி, மைனஸ் முப்பத்தாறு.
ஆறு வாரம் அந்தக் கோட்டைப் போட்டுத் திரிய
மணிக்கு இவ்வளவு என்று பேச்சு.
கண்ணாடி கேட்டேன். இல்லை என்றாள்.
"வடிவா இருக்கோ எண்டு கேக்காதேங்கோ.
எங்கை முதல்ல கிழியும் எண்டு சொல்லுங்கோ."

ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மா சொல்லிவைத்தேன்.
அளவுநாடா நின்றது.
"அப்ப காத்துக்கு?
ஆளுக்கும் ஆடைக்கும் நடுவிலை எட்டு மில்லிமீற்றர்.
குளிரைத் தடுக்கிறது துணியில்லை, அந்த எட்டுத்தான்."

கோட்டில் பொத்தான் கிடையாது.
கையுறையோடு இழுக்க ஒரு வளையம்,
வேனுக்குள் குனிந்தால் தானே இறங்கிக்கொள்ளும் முதுகு,
அக்குளில் மீன்செவுள் போல இரண்டு வெட்டு.
சிமெந்து மூட்டையின் நிறம்.
மகன் பார்த்துவிட்டுச் சொன்னான்,
"அம்மா, நீ ஒரு ஃபிரிட்ஜ்."

படிவம் தந்திருந்தாள்: நேரம், இடம், குளிர், பழுது.
எழுதினேன்.
காலை ஏழு பத்து, செல்கேர்க் அவெனியூ, மைனஸ் முப்பத்தொன்று,
வளையம் உறைந்தது.
மதியம், ஒரு மாடிப்படி, இடது செவுளில் பனி புகுந்தது.
ஒரு வெள்ளி, மக்ஃபிலிப்ஸ் பஸ் தரிப்பு, மைனஸ் முப்பத்துநாலு,
முன்பின் தெரியாத ஒருத்தி
கையைப் பிடித்து நிறுத்தி
வடிவாயிருக்கு என்றாள், ஆங்கிலத்தில்.
எந்தக் கட்டத்தில் போடுவது?
பழுது என்ற கட்டத்தில் எழுதினேன்.

ஏழாம் வாரம் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
மேசையில் மல்லாத்தி, விளக்கைத் தாழ்த்தி
பிரேதப் பரிசோதனை போலத் தையல் தையலாகப் பிரித்தாள்.
வளையம் மாறவேண்டும். செவுளுக்கு மூடி.
பஸ் தரிப்பில் அவள் சொன்னதைப் படித்தாள்,
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
வேறொன்றுமில்லை.

பிறகு வலது பையை வெளியே இழுத்தாள்.
உள்துணி சிம்பு கட்டி
ஒரு முஷ்டி அளவுக்குத் தேய்ந்து
நடுவில் வெளிச்சம் தெரிந்தது.
இடது பை நேற்றுத் தைத்தது மாதிரி.
அளந்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி அளந்தாள்.

நான் அதை எழுதியிருக்கவில்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும் என்று
போனை அந்தப் பைக்குள் இறுக்கியபடி
நாற்பது நாள் கதவு கதவாக நடந்ததற்கு
படிவத்தில் இடமில்லை.
அவள் கேட்கவுமில்லை.

மாதிரி பதினெட்டு மார்ச் தொடக்கத்தில் வந்தது.
வலது பைக்குள் மட்டும் இரட்டைத் துணி,
செம்மறி மயிர் உள்பக்கம்.
வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஓர் அம்பு.
அம்பின் வாலில் சின்ன எழுத்தில்,
சுமை: அளக்கவில்லை.

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
மூலையில் மோட்டார் வேறொரு ஜிப்பை
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது.