வர வேண்டியது

சித்திரை கடைசிச் சனிக்கிழமை.
தோட்டப்பாளையம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி.
பதினேழு பேர், ஒரே மின்விசிறி.
அதன் கீழே யார் உட்காருவது என்பதுதான்
ஆண்டுக் கூட்டத்தின் முதல் விவாதம்.

நான் பொருளாளர். நோட்டை விரித்து வாசித்தேன்.
ஆர்மோனியத் துருத்தி ஒட்டியது எழுநூறு.
ஜெராக்ஸ் நானூற்றுப் பத்து.
பொங்கல் விழா மைக்செட்டைப் பற்றிப்
பேச வேண்டாம் என்றார்கள்.
பேசினேன்.
ஆயிரத்து இருநூறு கொடுத்து
ஊளையை வாடகைக்கு எடுத்தோம்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை.
பகலில் அவள் பிசியோதெரபிஸ்ட்.
எங்கள் தொண்டைகளையும்
முறிந்து கூடிய முழங்கால்களாகத்தான் நடத்துவாள்:
இன்னும் ஒரு தடவை,
வலித்தாலும் இன்னும் ஒரு தடவை.

இந்த வருடம் எது நன்றாக வந்தது என்று கேட்டாள்.
கண்டக்டர் கோதண்டம் கை தூக்கினார்:
"ஆஸ்பத்திரி ஹாலில், டோக்கன் கூப்பிட்ட இடம்."

டிசம்பர். புறநோயாளிகள் கூடம்.
இரண்டாம் சரணத்துக்கு முன் நாங்கள் மூச்செடுக்க,
ஒலிபெருக்கி நுழைந்தது:
நானூற்றுப் பன்னிரண்டு, அறை எண் ஆறு.
முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
பந்திக்கு நிற்காமல் கல்யாண வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் போல
எங்களிடம் தலையசைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
ஃபைலை மார்போடு அணைத்து ஓடினாள்.
கதவு மூடும்வரை
ஹெப்சிபாவின் கை இறங்கவில்லை.
"அங்கே மட்டும்தான் நமக்குச் சுதி விலகல,"
என்றார் கோதண்டம்.
யாரும் மறுக்கவில்லை.

அப்போது பேஸ் குரலில் நின்றவர் துலால்.
மால்டாக்காரர். தம்பியின் ரத்தத்துக்கு வைத்தியம்;
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ்.
மீன் வாங்கி வருகிற வழியில் எங்கள் சத்தம் கேட்டு
பையோடு மாடி ஏறி
வாசலிலேயே நின்றார்.
அன்று முழுக்க ஒத்திகையில் கெண்டை வாடை.

பதினோரு சனிக்கிழமைகள்.
தமிழை வங்காள எழுத்தில் எழுதிக்கொள்வார்.
ழகரத்துக்கு மட்டும் ஒரு சின்னக் கட்டம் போட்டு
அங்கே வாயை மூடிக்கொண்டு
எங்களைப் பார்ப்பார்.
எங்களில் பாதிப் பேருக்கே அது வராது.
வந்தவர்கள் போட்டுக் கொடுத்தோம்.

மாசியில் ஒரு வாரம் வரவில்லை.
லாட்ஜில் விசாரித்தோம்.
அறை காலி; வெள்ளி ராத்திரி காட்பாடியில் ரயில்.
டிக்கெட் ஒன்றா இரண்டா,
அவனுக்குத் தெரியவில்லை.
துலாலின் நம்பர் என் போனில் இருக்கிறது.
இதுவரை நான் அழுத்தவில்லை.

அடுத்த வருடத் திட்டங்கள்.
குடியாத்தத்தில் ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டிருக்கிறது:
பஸ் செலவு அவர்களுடையது, சாப்பாடு சந்தேகம்.
முனிரத்தினம் பாலாற்றைப் பற்றி
நான்கு சரணம் எழுதியிருக்கிறார்.
மூன்றாவதில் வெள்ளம் வருகிறது.
"அதை மட்டும் ஆற்றில் பார்த்த பிறகு பாடலாம்"
என்று மெஹ்ருன்னிசா சொல்ல,
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.
பேஸ் குரலுக்குக் கோதண்டத்தைக் கேட்டோம்.
"என் அடிக்குரலை இருபது வருஷம் முன்னாடியே
ஆற்காடு, ராணிப்பேட்டைக்கு வித்தாச்சு," என்றார்.
கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்,
யாரை என்று சொல்லவில்லை.

அக்னி நட்சத்திரம் கழியட்டும்,
ஆனி முதல் சனி, ஆறு மணி.
அவரவர் தண்ணீர் பாட்டில் அவரவர் பொறுப்பு.

எழும் நேரத்தில் தலைவர் சொன்னார்:
துலால் பெயரை அடித்துவிடலாமே,
மாசிச் சந்தாவும் பாக்கி.
மின்விசிறி ஒரு சுற்று தடுமாறிச் சுழன்றது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி.
வந்தது.
வர வேண்டியது.
இரண்டாவதில் எழுதினேன்:
துலால், ஐம்பது ரூபாய்.

தணிக்கையாளர் நிசார்
மேலிருந்து கீழாக இரண்டு தரம் கூட்டிப் பார்த்து,
சரி என்று
கையெழுத்துப் போட்டார்.