இரண்டு தரம்

நோயின் பேரை மிஸ்ஸி சொன்ன பிறகு
யூட் நிக்சனின் காதில் வேறொன்றும் ஏறவில்லை.
தெல்லிப்பழை வார்ட்டுச் சுவரில் ஒரு பல்லி.

“நூறு தசம் நாலு. திருப்பிச் சொல்லுங்கோ.
காய்ச்சல் அதைத் தாண்டினா?”
“பனடோல் குடுத்துப் படுக்கவைப்பம்.”
“இல்லை. நடுச்சாமமெண்டாலும் உடனை கொண்டு வாங்கோ.”

றெஜினா, மகனின் கணக்குக் கொப்பியில்,
பிழைத்துப்போன கழித்தல் ஒன்றுக்குக் கீழே
அந்த எண்ணை எழுதினாள்.
பிறகு, மெல்ல: “இது தொத்துமோ?”
“தொத்தாது. தமையன் கட்டிப்பிடிக்கலாம்.
கையை மட்டும் கழுவட்டும்.”

விறாந்தையில் தனியே நின்று
குருநகர்க் கரையில் மீன் கூறுகிற அதே குரலைத்
தாழ்த்திப் பாடமாக்கினான்:

நூறு தசம் நாலு, ஒரு தரம்.
நூறு தசம் நாலு, இரண்டு தரம்.

மூன்றாம் தரம் சொல்லவில்லை.
உள்ளே போய்ப்
பெடியனின் நெற்றியில் கை வைத்தான்.